ஏழு மணிக்கு வருகிறவள்

சென்னப்பன் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வழியாகத் தருமபுரி போய்த் திரும்பும் வண்டியில் அவர் குரலைக் கேட்காதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. முன்னால் நகராமல் வழியை மறித்து நிற்பவர்களை அதட்டுவார். தக்காளிக் கூடையோடு ஏறும் பெண்களிடம், பாலக்கோடு வருவதற்குள் அவர்கள் வீட்டு நாயம், ஊர்க்கதை பூராவும் கேட்டு முடித்துவிடுவார். நாளைக்கு ஐந்நூறு பேரிடம் பேசிப் பழகிய வாய். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அந்த வாய்க்கு நஞ்சம்மாள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டு அவளும் போய்விட்டாள்.

ஒரே மகள் கலைமதி ஓசூரில் இருந்தாள். அவளுக்கும் புருஷன் நவநீதனுக்கும் கம்பெனி வேலை, மாறி மாறி ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம், "எங்ககூட வந்துருங்கப்பா" என்பாள்.

"அங்க வந்து நாலு செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா? இங்கயும் அதேதான். ஆனா இது என் செவுரு" என்பார் சென்னப்பன்.

போன வருஷம் மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கலைமதி ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள். போகும்போது கட்டிலுக்கு எதிரே பெரிய டிவி ஒன்றை மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு யுவராணி மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைப்பது என்று ஏற்பாடு.

அதுவரை சென்னப்பனுக்கு டிவி என்றால் செய்திதான். நாடகம் பார்ப்பவர்களைக் கண்டாலே ஆகாது. நஞ்சம்மாள் பார்த்த காலத்தில், "அழறதுக்குன்னு ஒரு மிசினு வாங்கி வச்சிருக்கா" என்று கேலி செய்தவர். கட்டிலில் கிடந்த இரண்டாவது வாரம் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனது. யுவராணியிடம் அதற்கு வேறு வேலை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, மாட்டிய சேனலிலேயே நான்கு நாள் கிடந்தார். அப்படித்தான் வசந்தமணி அந்த வீட்டுக்குள் வந்தாள்.

ஏழு மணி நாடகத்தில் வசந்தமணி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இட்லிக் கடை நடத்துகிறவள். புருஷன் ஓடிப்போய்விட்டான். மாமனாரையும் படிக்கிற நாத்தனாரையும் அவள்தான் காப்பாற்றுகிறாள். கடை இருக்கும் இடத்தை எழுதி வாங்கப் பார்க்கிற பங்காளி ஒருவன் உண்டு. மற்ற நாடகப் பெண்களைப் போல அவள் கத்துவதில்லை. அழுவாள், ஆனால் மாவு கரைத்துக்கொண்டே அழுவாள். வாடிக்கையாளர் வந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தன இட்லிங்க?" என்பாள். விடியற்காலை முதல் வண்டியில் இப்படிப்பட்ட பெண்கள் எத்தனையோ பேரைச் சென்னப்பன் பார்த்திருக்கிறார். அவர்கள் எல்லாம் பாதி வழியில் இறங்கிப் போனவர்கள். மீதிக் கதை அவருக்குத் தெரிந்ததில்லை. இவள் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

கட்டுப் பிரித்த பிறகும் யுவராணியின் சாப்பாடும் ஏழு மணியும் மாறவில்லை. ஆறே முக்காலுக்கு முகம் கழுவி, கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு பெண்பிள்ளை வருகிற நேரத்தில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று தோன்றியது. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் குளிர் என்று சொல்லியிருப்பார். கதவைச் சாத்திக்கொள்வார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார். கண்டக்டர் சென்னப்பன் நாடகம் பார்க்கிறான் என்று ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும்.

"அந்தப் பங்காளி குடுக்கற பேப்பர்ல கையெழுத்துப் போடாத ஆயா" என்று திரையில் இருப்பவளிடம் மெதுவாகச் சொல்வார். அவள் போடாமல் விட்டால், "அப்பிடித்தான்" என்பார். நாள் முழுக்க அந்த வீட்டில் பேசப்பட்ட பேச்சு சில நாட்களில் அது மட்டும்தான்.

முன்பெல்லாம் பொழுதோடு, இருட்டும் நேரத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போவார். அவர் வண்டியில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்த அர்ச்சுனன் அங்கே இருப்பான். இப்போது அந்த நேரம் வசந்தமணியுடையது. அர்ச்சுனன் இரண்டு முறை போன் செய்து பார்த்தான். "காலு வலிக்குது" என்று சொன்னதும் விட்டுவிட்டான்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, வசந்தமணி அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். லாரி வந்தது. முகத்தைக் காட்டாமல் சிதறிய அரிசியைக் காட்டினார்கள். சென்னப்பன் அன்று அதை நம்பவில்லை. நாடகத்தில் இப்படிக் காட்டிவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவைப்பார்கள் என்பது அவருக்கும் இந்த ஒரு வருஷத்தில் தெரிந்திருந்தது. மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எடுத்ததுமே சுவரில் அவள் படம், மாலை, விளக்கு. மாமனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சென்னப்பன் எழுந்து டிவியை நிறுத்தினார். பிறகு குளியலறைக்குப் போய், சாவு வீட்டுக்குப் போய்வந்தவரைப் போலத் தலைக்கு ஊற்றிக்கொண்டார். கார்த்திகைக் குளிரில் பச்சைத் தண்ணீர். ஈரத்தைச் சரியாகத் துவட்டாமலே படுத்தார். இரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டது, மற்றது விடவில்லை. சோறு இறங்கவில்லை. யுவராணி வைத்துவிட்டுப் போகும் களி தட்டிலேயே காய்ந்தது. படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை, உட்கார்ந்தால் எழத் தோன்றவில்லை. பத்து நாளாக முகச்சவரம் இல்லை.

யுவராணி ஓசூருக்குப் போன் போட்டாள். "அக்கா, பெரியப்பா ஒரு மாதிரியா இருக்காருங்க. கேட்டாப் பதிலே இல்ல. நீங்க ஒருதரம் வந்து பாருங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கலைமதி வந்து இறங்கினாள். தாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"என்னாங்கப்பா இது? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா இது என்னா தாடி? சாவு வூட்டுக்காரங்க மாதிரி?"

"ஆமா" என்றார் சென்னப்பன். "வசந்தமணி செத்துப்போயிட்டா."

கலைமதி பையைக் கீழே போட்டாள். "எந்த வசந்தமணி? காரிமங்கலத்து அத்த மருமகளா?"

"ஏழு மணிக்கு வர்றவ. இட்லிக் கடை."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் கலங்கியிருந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அந்தக் கண்ணை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அவசரமாகப் போனை எடுத்துத் தேடினாள். "இங்க பாருங்கப்பா. அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்குது. முந்தாநேத்து ஏதோ நகைக்கடை திறப்பு விழாவுக்குப் போயிருக்குது பாருங்க. சிரிக்குது பாருங்க."

சென்னப்பன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார். பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"இது நடிக்கற பொண்ணு. நல்லா இருக்கட்டும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "வசந்தமணி வேற."

கலைமதி கொல்லைப்புறம் போய் நவநீதனுக்குப் போன் செய்தாள். "அப்பாவுக்கு மூள கொழம்பிப்போச்சுங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் பி.பி. பார்க்க என்று சொல்லித் தருமபுரிக்கு அழைத்துப் போனாள். கிளினிக் வாசலில் சென்னப்பன் நின்று அண்ணாந்து பார்த்தார். மனநல மருத்துவர் நிர்மலா என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, நான் முப்பத்தொரு வருசம் போர்டு படிச்சுப் பொழச்சவன். எங்கிட்டயே போர்ட மறைக்கறயா?"

"கோவிச்சிக்காதீங்கப்பா. ஒருதரம் பாத்துட்டுப் போயிருவோம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கலைமதி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, அவளை வெளியே உட்காரச் சொன்னார். சென்னப்பனிடம் இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்ல முடியுமா என்றார்.

"தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுவத்தி ஒம்போது, எழுவத்தி ரெண்டு, அறுவத்தி அஞ்சு... இன்னும் போகணுங்களா?"

டாக்டர் சிரித்தார். "போதுங்க. ஞாபகத்துல ஒரு கொறையும் இல்ல உங்களுக்கு. சரி, வசந்தமணியப் பத்திச் சொல்லுங்க."

சென்னப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. முதலில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு இட்லிக் கடையைச் சொன்னார், பங்காளியைச் சொன்னார், நாத்தனார் பரீட்சையில் தேறிய அன்று வசந்தமணி கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்ததைச் சொன்னார். சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. டாக்டர் குறிப்பு எழுதிக்கொண்டார்.

"அது கதைன்னு உங்களுக்குத் தெரியும்தானுங்க?"

"தெரியாம என்னங்க? எவனோ எழுதறான், அந்தப் பொண்ணு நடிக்குது. கேமரா வச்சு எடுக்கறாங்க. எல்லாம் தெரியுங்க. தெரிஞ்சும் இப்பிடி இருக்குது."

டாக்டர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "உங்க சம்சாரம் தவறி நாலு வருசம்னு மக சொன்னாங்க. ஒருவேள அந்தத் துக்கந்தான் இப்ப இந்த ரூபத்துல வருதோ?"

சென்னப்பன் மறுப்பாகத் தலையசைத்தார். "இல்லீங்க டாக்டர். நஞ்சம்மாவுக்கு நான் அழுதாச்சு. வாய் விட்டு அழுதன், ஊரே பாத்துச்சு. பாப்பாரப்பட்டியில இருந்து மாரண்டஹள்ளி வரைக்கும் சனம் வந்தாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. மூணு நாளு எங்க வூட்ல அடுப்பு எரியல, அக்கம்பக்கத்துல இருந்து சோறு வந்துச்சு. பதினாறு நாளும் ஆளு இருந்தாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ செத்ததுக்கு எழவு கேக்க ஒருத்தரும் வரலீங்க. வருவாங்களா? யாருகிட்டன்னு சொல்லுவன்? சொன்னாச் சிரிப்பாங்க. என் மகளே சிரிச்சுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் நெனச்சது தப்புங்க. நீங்க சொல்றதுதான் சரி" என்றார். "ஒரு வருசம் தினம் பாத்த முகம் போயிருச்சு. துக்கம் வரத்தான் செய்யும். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா பத்து நாளாச் சோறு எறங்கலன்னா, தூக்கம் இல்லன்னா, அது மனச்சோர்வு. அதுக்கு மாத்திர இருக்குது. கொஞ்ச நாளுக்குச் சாப்பிடணும். மாசம் ஒருதரம் என்னை வந்து பாக்கணும். இன்னொண்ணு, அந்த ஏழு மணிய மட்டும் சும்மா விட்றாதீங்க. அந்த நேரத்துக்கு வெளிய வாங்க."

"சரிங்க."

"அப்புறம் ஒண்ணு கேக்கறேன். உங்க ஊர்ல அந்த நாடகத்த நீங்க ஒருத்தர் மட்டுமா பாத்திருப்பீங்க?"

சென்னப்பன் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கலைமதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாலக்கோடு தாண்டியதும், "அப்பா, நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்கப்பா" என்றாள்.

"அட வுடும்மா. உங்கம்மா நாடகம் பாத்து அழுதப்ப நான் சிரிக்காததா?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவகிட்ட ஒருதரமாவது என்னாடி கதைன்னு கேட்டிருக்கலாம்" என்றார்.

கலைமதி நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாத்திரை முதல் வாரம் வாயைக் கசக்கவைத்தது. தூக்கம் மட்டும் மெல்லத் திரும்பியது. டாக்டர் சொன்னபடி ஒரு நாள் பொழுதோடு சென்னப்பன் முகச்சவரம் செய்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். டீக்கடை பெஞ்சில் அர்ச்சுனன் இருந்தான்.

"யோவ் கண்டக்டரே! உசுரோடதான் இருக்கறயா? என்னாய்யா இப்பிடி எளச்சுட்ட?"

டீ வந்தது. சென்னப்பன் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். இருந்தும், வண்டியில் ஐம்பது பேருக்கு நடுவில் கூசாமல் கத்திய வாய் இப்போது கூசியது.

"அர்ச்சுனா, ஏழு மணிக்கு ஒரு நாடகம் வருதில்ல. இட்லிக் கடைக்காரி ஒருத்தி. அவ செத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லடா. டாக்டர்கிட்ட போயி மாத்திர வாங்கிட்டு வந்திருக்கறன்."

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"எங்கூட்டுக்காரியும் அப்பிடித்தான்யா இருக்கறா. மொத மூணு நாளு கஞ்சி மட்டுந்தான். நான் என்னமோ வாயுத் தொல்லைன்னு நெனச்சு இஞ்சி இடிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கறன். எந்திரி, போலாம்."

அர்ச்சுனன் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்தான். அவன் மனைவி கோவிந்தம்மாள் முன்னறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிவி அணைந்திருந்தது. சென்னப்பனைப் பார்த்ததும், "வாங்கண்ணா, உக்காருங்க" என்று எழுந்தாள்.

"கோவிந்தம்மா, இவனும் உன்ன மாதிரிதான். வசந்தமணிக்காக வந்திருக்கறான்" என்றான் அர்ச்சுனன்.

கோவிந்தம்மாள் நின்றபடியே சென்னப்பனைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கீழே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அரிசி பூராச் செதறிப்போச்சுங்களேண்ணா" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்தப் பெரியவர இனி யாருண்ணா பாத்துக்குவாங்க? அந்தப் புள்ள காலேசு என்னாவும்?"

"அதாம்மா எனக்கும். அந்தப் பங்காளிப் பய கடைய எழுதி வாங்கிருவான்."

"லாரிக்காரனப் புடிச்சாங்களாண்ணா?"

"நான் அதுக்கப்புறம் பாக்கலம்மா."

"நானும் பாக்கலண்ணா. போடவே மனசு வரல."

அவள் அழுது முடிக்கும்வரை சென்னப்பன் காத்திருந்தார். பிறகு அவர் முறை வந்தது. அந்த வீட்டில் அவருக்கு வெட்கமாக இல்லை. இரண்டு பேரும் முதலிலிருந்து பேசினார்கள். கடைக்கு முதல்முதலாகத் தகரம் போட்டது, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, ஓடிப்போன புருஷன் ஒருநாள் திரும்பி வந்து நின்றபோது வசந்தமணி அவனுக்கும் நான்கு இட்லி வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டதும் போகச் சொன்னது.

"நாலு இல்லண்ணா, மூணு இட்லி" என்றாள் கோவிந்தம்மாள்.

"நாலும்மா. நான் எண்ணுனன்."

"அஞ்சு" என்றான் கட்டிலில் இருந்த அர்ச்சுனன். "கடைசியா ஒண்ணு கேட்டு வாங்கித் தின்னான், வெக்கங்கெட்டவன்."

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணன் டீக்கடைக்கு வராததுல இருந்து வூட்லயே தூங்கறன்னு கண்ண மூடிக்கிட்டுத்தானே கெடந்தீங்க?" என்றாள் கோவிந்தம்மாள்.

"ஒரு கண்ணுதான்டி மூடுவன்" என்றான் அர்ச்சுனன்.

கோவிந்தம்மாளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து உள்ளே போனவள், "சாப்புடாமப் போகக் கூடாதுண்ணா" என்று அங்கிருந்தே சொன்னாள். சூடான களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சென்னப்பன் ஒரு உருண்டை முழுதும் சாப்பிட்டார். கேட்டு இன்னும் அரை உருண்டை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தை மாதத்தில் ஒரு வாரம் மறுபடி கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தார். அர்ச்சுனன் வந்து கையைப் பிடித்து எழுப்பி, சட்டையை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனான். மாதா மாதம் தனியாகவே பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவந்தார். கலைமதி இப்போது நாள் விட்டு நாள் போன் செய்தாள். ஓசூரில் ஷிப்ட் எப்படிப் போகிறது, சூப்பர்வைசர் என்ன சொன்னான் என்று அவளும் தன் கதையைச் சொன்னாள். சித்திரையில் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஏழு மணிக்குப் பெரும்பாலும் அர்ச்சுனன் வீட்டில்தான் இருப்பார். டிவி ஓடும், சில நாள் ஓடாது.

வைகாசியில் ஒரு நாள், கோவிந்தம்மாள் வீட்டுத் திண்ணையில் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். சென்னப்பன் கொட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கலைமதியிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, உங்க வசந்தமணி சாகலயாம்! அன்னிக்கு அடிபட்டது வேற ஆளாம். எங்கயோ மலைமேல ஒரு ஊர்ல பழசெல்லாம் மறந்துபோயி இருந்தாளாம். இன்னிக்கு வர்றாங்கப்பா! டிவியப் போடுங்க!"

சென்னப்பன் விஷயத்தைச் சொன்னதும் கோவிந்தம்மாள் அரிவாள்மனையில் கை வைத்தபடியே இருந்தாள். அர்ச்சுனன் மட்டும் துள்ளிக்கொண்டு எழுந்து உள்ளே போய் டிவியைப் போட்டான்.

"இப்பிடிப் பண்ணுவாங்களாண்ணா? நாம அழுதது?" என்றாள் அவள்.

"அழுதது அழுததுதாம்மா. அத யாரும் திருப்பி வாங்க முடியாது."

உள்ளே பாட்டு முடிந்தது. பழகிய குரல் ஒன்று, "மாமா" என்று கூப்பிட்டது. சென்னப்பன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து மாங்காய்க் குவியலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எப்பிடிண்ணா இருக்கறா?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"எளச்சுப்போயிட்டாம்மா. ஆனா நல்லாத்தான் இருக்கறா" என்றார் சென்னப்பன். "நீ போய்ப் பாரு. இத நான் பாத்துக்கறன்."